கடல் பக்கத் துரு

என் கணவர் ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்ததில்தான் எல்லாம் தொடங்கியது. காலைத் தேநீர் அவருக்கு முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. கொழும்பில் விண்வெளிக் கதைப் பொம்மைச் சிலைகள் சேர்ப்பவர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் யாரோ போட்ட படம். விண்வெளிப் படைவீரன் ஒருவன் தோள்கவசம் நசுங்கி நிற்கிறான். அவர் முதலில் தோளைப் பெரிதாக்கினார், பிறகு முழங்காலை, பிறகு திரும்பவும் தோளை.

"ஐயோ, இது உண்மையா அடிபட்டதுதான்," என்றார்.

"ஆர் செய்தது?"

"ஆரோ கொட்டாஞ்சேனைப் பிள்ளையாம். பொம்பிளைப் பிள்ளை. இந்தத் தோளை ஒருக்கா வடிவாப் பாரும்."

பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது. தேநீர்க் கோப்பையை அவர் குடித்து முடிக்க முதலே எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டேன்.

என் கணவரின் தொழிலைச் சொன்னால்தான் இந்த எரிச்சல் விளங்கும். அவர் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வாகனச் சேதம் மதிப்பிடுபவர். இடிபட்ட கார்களையும் வான்களையும் பார்த்து, எது எதில் மோதியது, எந்தக் கீறல் பழையது, எதை ஆள் வீட்டில் இருந்தே சுத்தியலால் அடித்துவிட்டு வந்து கதை விடுகிறான் என்று சொல்ல வேண்டும். நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கும் மனுசன். அப்படிப்பட்டவரே ஒரு பொம்மையின் தோளைப் பார்த்து உண்மையாக அடிபட்டது என்கிறார். நான் இத்தனை காலம் நிறம் பூசிய சிலைகளுக்கு அவர் சொன்னது "நல்லாயிருக்கு" மட்டும்தான். சம்பலுக்கும் அதையேதான் சொல்லுவார்.

என் தொழில் கலியாணப் பொம்பிளைகளுக்கு அலங்காரம். வெள்ளவத்தையில் மண்டபத்துக்குக் குறைவில்லை, எனக்கும் வேலைக்குக் குறைவில்லை. முகத்துக்கு மெல்லிய புகைபோல நிறம் ஊதும் கருவி ஒன்று வைத்திருந்தேன். ஒருதரம் பம்பலப்பிட்டியில் ஒரு பல் டொக்டரின் தங்கச்சிக்கு அலங்காரம் செய்யப் போனபோது, டொக்டர் கதவடியில் நின்று அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதால சிலைக்கும் அடிக்கேலுமா?" என்று கேட்டார். பக்கத்து அறையைத் திறந்து காட்டினார். வேற்றுக்கிரகத்து ஆட்கள், ரொபோக்கள், விண்வெளி வீரர்கள், கண்ணாடி அலுமாரி நிறைய. எல்லாம் வெளிநாட்டில் இருந்து வந்த விலையான சாமான்கள். ஆனால் தொழிற்சாலையில் அடித்த நிறம் குளியலறை வாளிபோல மினுங்கியது. போர் முனையில் இருந்து வந்த வீரனின் சப்பாத்தில் ஒரு துளி மண் இல்லை.

அப்படித்தான் இறங்கினேன். மினுக்கத்தைக் கொல்வது, தோலுக்கு நுண்துளை போடுவது, கண்ணுக்கு ஈரம் வைப்பது, இரும்புக்குத் துரு ஏற்றுவது. பொம்பிளைகளின் முகத்தில் நான் மறைக்கிற எல்லாவற்றையும் இங்கே நானே போடலாம். கண்ணுக்குக் கீழே கருமை, மூக்கோரத்தில் எண்ணெய், வெயிலில் வெடித்த உதடு. என்ன சந்தோசம் தெரியுமா? குழுவில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. முகம் என்றால் வெள்ளவத்தை அக்காதான் என்பார்கள். கொட்டாஞ்சேனைக்காரி வரும்வரை துருவுக்கும் நான்தான்.

அவளிடம் கோபப்படக் காரணம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஒருகொடவத்தையில் கப்பல் கொள்கலன் ஏற்றியிறக்கும் ஒரு கம்பனியில் கணக்கு வேலை பார்ப்பவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளமை. படம் வெளிவந்த கிழமையே எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, உங்க முகமெல்லாம் நான் ஒண்ணுவிடாம பார்த்திருக்கேன். கண்ணுல அந்த ஈரம் எப்படிக்கா வருது? எனக்கு எத்தனை தடவை செஞ்சாலும் அழுத மாதிரியே போயிடுது."

சொல்லிக் கொடுத்தேன். கேட்டால் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை நான். அவளும் தன் முறையை எனக்குச் சொன்னாள். நிறத்துக்கு மேல் நிறமாக நாலைந்து படை பூசி, காய்ந்தபிறகு கல்லாலும் பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளாலும் உரசி உரசி, அடியில் இருக்கும் படைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவர வேண்டுமாம். கொள்கலன்களை உற்றுப் பார்த்துப் பழகியதாம். அதையெல்லாம் காணொளியாக எடுத்து ஊருக்கே போட்டும் விட்டாள். சொல்லிக் கொடுத்தாலும் ஒருத்தருக்கும் வராது என்ற துணிவு. எனக்கு வரவில்லை. பழைய பொம்மை ஒன்றை உரசு உரசென்று உரசினேன், அது பூனை பிராண்டிய கதிரைபோல ஆகிவிட்டது. அதையும் என் கணவர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் பல் டொக்டருக்குப் பெரிய தொகுதி ஒன்று வந்தது. காற்றே இல்லாத ஏதோ ஒரு நிலவில் சுரங்கம் தோண்டும் கூட்டம். அதில் ஒரே அச்சில் வார்த்த இரட்டை ரொபோக்கள் இரண்டு, கையில் துளைகருவியோடு. மற்றவர்கள் தொழிலாளிகள். எல்லாருக்கும் மேலாக அவர்களுடைய கப்டன், ஒரு வயதான பெண். என் இடுப்புயரம். அந்தச் சுருங்கிய முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கை துடித்தது. இப்படி ஒரு முகம் திரும்ப வராது.

"ஒரு ரொபோ உங்களுக்கு, மத்தது அந்தக் கொட்டாஞ்சேனைப் புள்ளக்கி," என்றார் டொக்டர். "ரெண்டும் முடிஞ்சொடன பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாப்போம். யாருட நல்லா ஈக்கிதோ அவங்களுக்குத்தான் கப்டனும் மத்த ஆக்களும்."

கப்டன் எனக்கு வேண்டும். ஆனால் உள்ளதைச் சொன்னால், அதைவிட வேறொன்று கூடுதலாக வேண்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைக்கும்போது என் கணவர் அங்கே நிற்க வேண்டும். அவளுடையதை விட்டு என்னுடையதைக் குனிந்து பார்க்க வேண்டும். வாயைத் திறந்து "உம்மடதுதான் நல்லது" என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லத் தெரியாத மனுசன் சொன்னால்தான் எனக்கு அது கணக்கு.

அவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு வந்து கேட்டார். "இந்தச் சனிக்கிழமை ஒருகொடவத்தைப் பக்கம் எனக்கு ஒரு லொறி பாக்கக் கிடக்கு. நீரும் வாருமன். கொள்கலன் எல்லாம் எப்பிடி அடிபட்டுக் கிடக்கெண்டு பாத்தால் உமக்கு உதவும்."

"அவள் பாத்த கொள்கலனை நான் போய்ப் பாக்கோணுமோ?"

"அதில்லையப்பா..."

"துரு பாக்கிறதுக்கு நான் கொள்ளுப்பிட்டி தாண்டத் தேவையில்லை. துரு எங்கட வாசலில கிடக்கு."

பொய்யா சொன்னேன்? எங்கள் தொடர்மாடி இருக்கும் ஒழுங்கை நேரே மரீன் டிரைவில் போய் முட்டுகிறது. அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். இங்கே யாரும் கிழக்கு மேற்கு சொல்வதில்லை. கடல் பக்கம், ரோட்டுப் பக்கம், அவ்வளவுதான். கடல் பக்கத்து யன்னல் கம்பிகளுக்கு ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பெயின்ற் அடிப்போம், ஆடி மாதம் வர முதல் செதில் செதிலாய் எழும்பிவிடும். ரோட்டுப் பக்கத்துக் கம்பி புதுப் பொம்பிளைபோல இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கடல் பக்கத்துக் கால் இற்றுப்போய் நாங்கள் ஒரு மரக்கட்டை வைத்திருக்கிறோம். மற்றக் கால்களுக்கு ஒன்றும் இல்லை. துரு எங்கே தொடங்கும், எப்படிக் கண்ணீர்போல வழியும், எந்த ஆணியைச் சுற்றி முதலில் கறுக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்குத் தெரியுமா?

போனை எடுத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தேன். கேற்றுகள், கொடிக்கம்பிகள், மொட்டைமாடிப் படிகள், குளிரூட்டிகளைத் தாங்கும் சட்டங்கள், எல்லாவற்றையும் படம் பிடித்தேன். "என்ன மிஸ், மாநகரசபையில இருந்தா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். ஓம் என்றேன்.

பிறகு மேசையில் இருந்தேன். ரொபோவின் மினுக்கத்தை மங்கலாக்கி, அடியில் துரு நிறம் பூசினேன். அதை ஈரமாக்கி, சமையலறையில் இருந்து கல்லுப்பை எடுத்துத் தூவி, காயவிட்டு, மேலே மஞ்சள் நிறத்தை ஊதினேன். உப்பைத் தட்டிவிட்டால் அந்த இடமெல்லாம் நிறம் உரிந்து துரு எட்டிப் பார்க்கும். எண்ணெய் வர்ணத்தைத் தண்ணீர்போல மெலிதாகக் கரைத்து ஆணியடியில் ஒரு பொட்டு வைத்து, தூரிகை நுனியால் கீழே இழுத்தேன். மழைக்குப் பிறகு சுவரில் வழிந்த கறைபோலவே வந்தது. வெள்ளையாக உப்புப் பூத்ததுகூடப் போட்டேன். கலியாணங்கள் இரண்டை வேறு ஆட்களுக்கு மாற்றிவிட்டேன். சோறு கறி கடையில் இருந்து வந்தது. என் கணவர் அதையே சாப்பிட்டார், பாவம்.

முடிந்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை. தொட்டால் கையில் ஒட்டும் என்று பயப்படும் துரு. "எப்பிடி?" என்று கேட்டேன்.

"நல்லாயிருக்கு," என்றார்.

வைத்துக்கொள்ளுங்கோ உங்கட நல்லாயிருக்கை என்று மனதுக்குள் சொன்னேன். பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற அன்றைக்குப் பார்ப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டொக்டரின் பல் வைத்தியசாலையில்தான் அது நடந்தது. அன்றைக்கு நோயாளிகள் இல்லை. காத்திருக்கும் அறையில் கதிரைகளை ஒதுக்கி, நடுவில் மேசை போட்டிருந்தார். நானும் என் கணவருமாக என்னுடையதைத் தூக்கி வைத்துவிட்டு, நான் சேலையைச் சரிசெய்துகொண்டிருக்க, அவள் வந்தாள். ஜீன்ஸ், சிவப்பு நகப்பூச்சு. பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம். பயம் என்று ஒரு துளி முகத்தில் இல்லை. துணியை எடுத்தாள்.

அதில் துருவே அவ்வளவாக இல்லை. அது ஒரு வேலைக்காரன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். என்னுடையது மேசையில் நின்றது, அவளுடையது வேலை முடிந்து வந்து நின்றது.

என் கணவர் என்ன செய்தார் தெரியுமா? அவளுடைய ரொபோவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றினார். நொறுங்கிய வாகனத்துக்கு முன்னால் மட்டும் அவர் செய்கிற வேலை அது.

"இவர் வலக்கைக்காரன்," என்றார் யாருக்கென்றும் இல்லாமல். "துளைகருவியை வலக்கையில பிடிச்சுக்கொண்டு ஒடுக்கமான வாசலால போய் வாறவர். இஞ்ச பாருங்கோ, தோள் மூட்டு தேய்ஞ்சிருக்கு. ஒருக்கா ஆரோ திருத்திப் பெயின்ற் அடிச்சிருக்கினம். அவசரம், அதே நிறம் அகப்படேல்லை. பேந்தும் போய் அதே வாசலில இடிச்சிருக்கிறார்."

"ஐயோ சார், கரெக்டா சொல்றீங்க!" அவள் கைதட்டிச் சிரித்தாள். "எல்லாரும் நல்லா இருக்குன்னு மட்டும்தான் சொல்வாங்க. அந்த ரெண்டாவது மஞ்சள யாருமே கண்டுபிடிச்சதில்லை."

எனக்கு அந்த இடத்திலேயே இரண்டையும் தூக்கி யன்னலால் எறிய வேண்டும்போல இருந்தது. அவளையும் சேர்த்து. என் வீட்டுக்காரரை எறிவதா விடுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

அவள் என்னுடையதிடம் வந்தாள். சுற்றி வந்து பார்த்தாள். நேரம் எடுத்துத்தான் பார்த்தாள், அதைச் சொல்ல வேண்டும். கறை வழிந்த இடத்தில் மூச்சுப் படாமல் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"என்னமா இருக்குக்கா இந்தத் துரு. தொடவே பயமா இருக்கு." பிறகு மற்றப் பக்கம் போனாள். மறுபடி இந்தப் பக்கம் வந்தாள். "ஆனா ஒரு பக்கம்தான் இருக்கு. ஏன்க்கா? அந்த நிலவுல கடல் இருக்கா?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். உண்மையாகவே கேட்டாள். நான் ரொபோவைப் பார்த்தேன். இடது பக்கம் முழுக்கத் துரு, உப்பு, கறை. வலது பக்கம் கடையில் இருந்து எடுத்து வந்த மாதிரி. வீட்டு மேசையில் அதன் இடது பக்கம்தான் கடலைப் பார்த்திருந்தது. இத்தனை நாளும் இருந்து பார்த்தும் அது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. இரும்பு என்றால் அப்படித்தானே இருக்கும்? காற்றில்லாத நிலவில் துருவே பிடிக்காது, அது வேறு கதை. அதைவிடக் கேவலம், டொக்டரின் மேசையிலும் நான் அதை இடது பக்கம் கடலைப் பார்க்க வைத்திருந்தேன். யாரும் சொல்லாமலே என் கை திருப்பி வைத்திருந்தது.

"இருக்கெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். காது இரண்டும் சுட்டது.

டொக்டர் ரோல்ஸ் பலகாரத் தட்டும் கையுமாக உள்ளே இருந்து வந்தார். தட்டை வைத்துவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தோற்ற ஆள்போலவே கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டேன். அவர் என்னுடையதற்கு முன்னால் நின்றுவிட்டார்.

"அல்லாவே, இது அப்படியே எங்கட வீட்டு பல்கனிக் கம்பி!" என்றார். "போன மாசம்தான் மாத்தினேன். இதேதான், இதே மாதிரிதான் ஒழுகி ஈந்திச்சி. இதப் பாத்தா யாரு பொம்மைன்னு சொல்லுவாங்க?" அவளைப் பார்த்து, "உங்கடதும் நல்லம் தங்கச்சி. ஆனா இதுதான் நெசம். கப்டன் இவங்களுக்கு," என்றார்.

வென்றுவிட்டேன். பம்பலப்பிட்டிக்காரருக்கு வெள்ளவத்தைத் துரு பிடித்துப்போனது. அவரும் கடலோரத்து ஆள், அவருக்கும் இரும்பு ஒரு பக்கம்தானே துருப்பிடிக்கிறது. அவள் முகம் ஒரு கணம் சுருங்கியதைப் பார்த்தேன். பார்த்தேன், இனித்தது, ஏன் மறைக்க வேண்டும்? அடுத்த கணமே அவள் சிரித்து, "வாழ்த்துகள்க்கா," என்று என் கையைப் பிடித்தாள். பிறகு தன் ரொபோவைத் துணியால் ஒருதரம் துடைத்து அங்கேயே விட்டுவிட்டு, ரோல்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு படிப்பக்கம் போனாள். டொக்டர் என்னை உள்ளே கூட்டிப்போய்க் கப்டனின் பெட்டியைத் திறந்து காட்டினார். அந்த முகம் நான் நினைத்ததைவிட நல்லது. கன்னத்து மடிப்பில் விரல் வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் என் கணவர் படியடியில் தனியாக நின்றார்.

வீட்டுக்கு ஓட்டோவில் வந்தோம். கப்டனின் பெட்டி எங்கள் இருவர் மடியிலும் குறுக்கே கிடந்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்னப்பா, ஒண்டும் கதைக்காமல் வாறியள்?"

"என்னத்தைக் கதைக்க?"

"நான் வெண்டிட்டன்."

"ஓம். சந்தோசம்தானே."

விட்டிருக்கலாம். கப்டன் மடியில் இருக்கிறாள், இனி என்ன? ஆனால் எனக்கு வாய் நிற்காதே.

"நேராக் கேக்கிறன், நேராச் சொல்லுங்கோ. ரெண்டில எது நல்லது?"

அவர் பெட்டியைத் தடவினார். சாரதி ஒரு பஸ்ஸைத் திட்டிக்கொண்டு முந்தினார்.

"அவவின்ர," என்றார்.

எனக்குத் தெரிந்ததுதான். துணியை எடுத்த அந்த நிமிடமே தெரிந்ததுதான். "ஓம். எனக்கும் தெரியும்," என்றேன். வாய்விட்டுச் சொன்னதும் ஏதோ கொஞ்சம் இறங்கினதுபோலக்கூட இருந்தது. இந்த ஊரில் என்னைத் தவிர அதைப் பார்க்கத் தெரிந்த இன்னொரு ஆள் என் பக்கத்தில் இருக்கிறார், சரி, போகட்டும். அவளுக்குத் தெரியாதவரைக்கும் போகட்டும்.

"ஆனால் ஒண்டு. எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ. இதை அவளுக்கு ஒருநாளும் சொல்லக் கூடாது."

அவர் பெட்டியில் இருந்து கையை எடுத்தார்.

"என்னப்பா?"

"நான் அங்கயே சொல்லிப்போட்டன்."

"எப்ப?"

"நீர் உள்ளுக்கை கப்டனைப் பாத்துக்கொண்டு நிண்டனீர். அவ படியிறங்கப் போனவ. மனம் கேக்கேல்லை. ஆருக்குக் குடுத்தாலும் உங்கடதுதான் நல்லதெண்டு சொன்னன்."

நான் எத்தனை நாளாக ஏங்கிய வசனம், 'உம்மட' மட்டும் 'உங்கட' ஆகி. அதைக் கேட்டுக்கொண்டு அவள் பஸ் ஏறிப் போயிருக்கிறாள்.

"அவள் என்ன சொன்னவள்?"

"விடுமன்."

"என்ன சொன்னவள்?"

பொய் சொல்லத் தெரிந்த யாரையாவது கட்டியிருக்கலாம் நான்.

"'அக்காவுக்குச் சொல்லிடாதீங்க சார், பாவம்' எண்டவ."

பாவமாம். கப்டனை மடியில் வைத்துக்கொண்டு போகிற நான் பாவமாம். பெட்டியின் விளிம்பு உள்ளங்கையில் பதியும்வரை இறுக்கிப் பிடித்தேன். அவளே வென்று தொலைத்திருக்கலாம். தோற்றவள்தான் வென்றவளைப் பார்த்துப் பாவம் சொல்லலாம் என்றால், அப்போது அதைச் சொல்ல எனக்கும் ஒரு வழி இருந்திருக்கும்.